அல்ல

திரைக்குக் கீழ்விளிம்பு கிடையாது.
தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்,
மழைக்காலத்து மித்தி ஆறு மாதிரி.
தாளுக்கு உண்டு.
இருநூற்றுத் தொண்ணூற்றேழு மில்லிமீட்டர்.
அதிலும் பதினேழை
லேபில் இருக்கும் அந்தப் பழைய பிரிண்டர் விழுங்கிவிடும்.

தாராவி, தொண்ணூறடி ரோடு,
ஒரு ட்ரஸ்ட் நடத்தும் பரிசோதனைக்கூடம்.
ரிப்போர்ட்டின் அடியில்
நோயாளியின் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் வேண்டும்
என்றார் டாக்டர் மஸ்கரேனஸ்.
தாள் மட்டும் வீணாகக் கூடாது.

மிச்சம் பிடித்தேன்.
டோனர் தீரும் நாளில் சாம்பல் எழுத்து காணாமல் போகும்,
எல்லாவற்றையும் கறுப்பாக்கினேன்.
அபாயத்துக்குப் போட்ட சிவப்புப் பின்னணி அச்சில் ஏறாது,
சுற்றிக் கட்டம் கட்டினேன்.
பொத்தான்களை அச்சுக்கு மட்டும் ஒளித்தேன்.
தலைப்பைத் தலைப்பென்றும்
அட்டவணையை அட்டவணையென்றும் குறித்தேன்.
எச்டிஎம்எல்லில் ஒன்றை அதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
திரையிலும் தாளிலும் திரும்பிப் பார்க்கும்.

பத்தியின் கடைசி வரி
அடுத்த பக்கத்தில் தனியே போய் விழுந்தால்
விதவை என்று பெயராம்.
யார் வைத்ததோ.
குறைந்தது இரண்டு வரியாவது சேர்ந்து போகட்டும் என்பது
பிரவுசருக்கே தெரிந்த மரியாதை.
இரண்டை ஒன்றாக்கியது நான்.

சோதித்துப் பார்த்தது ஆங்கிலத்தில்.
நோயாளி பெயர்: டெஸ்ட் டெஸ்ட்.
ஒரே பக்கம், அழகாக வந்தது.
பக்க எண் எதற்கு என்று விட்டுவிட்டேன்.
நோயின் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே
ஆங்கிலம் மறுத்துவிடுகிறது.
தமிழ் மறுப்பைக் கடைசிவரை கைக்குள் வைத்திருக்கும்.
வீட்டில் நாளெல்லாம் பேசுகிற மொழி,
எனக்கு அது தோன்றவில்லை.

ஜூலையில் புது லெட்டர்ஹெட் அடித்தார்கள்.
மேலே நாலு சென்டிமீட்டர் லோகோ.
எல்லாமே நாலு சென்டிமீட்டர் இறங்கியது.

வேலுக்கனி, வயது நாற்பத்தொன்று,
தோல்பை தைப்பவள்.
அவள் கையில் கிடைத்த தாளின் கடைசி வரி:
தங்கள் மார்பில் உள்ள கட்டி புற்றுநோய்

முற்றுப்புள்ளி விட்டுப்போனதை யார் பார்ப்பார்கள்?
எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது.
இலக்கணப்படி ஒரு குறையுமில்லை.

பதினோரு நாள்.
தையல் மெஷினை விலை பேசினாளாம்.
மீதி எனக்குத் தெரியாது, கேட்கவும் துணியவில்லை.
பன்னிரண்டாம் நாள் மழையோடு வந்து
மருந்து எந்தத் தேதியில் ஏற்றுவீர்கள் என்றாள்.

ஸ்வப்னாலி மானிட்டரை அவள் பக்கம் திருப்பினாள்.
திரையில் எல்லாம் சேர்ந்தே இருந்தது.
வேலுக்கனி நம்பவில்லை.
"அது உங்க பெட்டியில.
என் தாள்ல இல்லையே."

தேடினார்கள்.
பிரிண்டருக்குப் பக்கத்து ரஃப் கட்டில் கிடைத்தது.
ஒரு முழு வெள்ளைத் தாள்,
அதன் உச்சியில்
அல்ல.
பின்பக்கம் யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்,
வடாபாவ் ஆறு, கட்டிங் நாலு, பாக்கி.

அன்றிரவே திருத்தினேன்.
வாக்கியத்தைத் தாளின் மேலே ஏற்றினேன்.
இந்தப் பத்தியை உடைக்காதே என்று எழுதினேன்.
ஒன்றைத் திரும்ப இரண்டாக்கினேன்.
பக்கம் ஒன்று, மொத்தம் ஒன்று.
நோய்க்கும் அல்லவுக்கும் நடுவில்
உடையாத இடைவெளி என்றொன்று உண்டு,
அதைப் போட்டேன்.
ஒரு எழுத்தளவு அகலம். கண்ணுக்குத் தெரியாது.

புது ரிப்போர்ட்டை வாங்க வந்தவள்
அந்தப் பழைய தாளையும் கேட்டாளாம்.
கணக்கு இருக்கிற பக்கத்தை அடித்துத் தரவா என்றதற்கு
வேண்டாம், அப்படியே கொடு என்று
நாலாக மடித்து
பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு போனாள்.

வடாபாவ்காரன் வந்து கேட்டபோது
லேபில் யாருக்கும் பாக்கி எவ்வளவு என்று தெரியவில்லை.